விரிவுரை பதிவாகும்போது ஆசிரியரும் மாணவரும் கேட்டு வாங்க வேண்டியவை

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வு குறித்துப் பாடம் நடத்துகிறேன். ஆசிரியர் சங்கத்தில் எங்கள் துறையின் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். விரிவுரைகளைப் பதிவு செய்வதற்கான விதிமுறையை எங்கள் பல்கலைக்கழகம் திருத்தி எழுதியபோது, சங்கத்தின் சார்பில் அந்தக் குழுவில் உட்கார்ந்தேன். அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில் பிறருக்குப் பயன்படும் என்று தோன்றுவதை இங்கே எழுதுகிறேன். இங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கும், ஊரில் கல்லூரிகளில் பாடம் நடத்தும் நண்பர்களுக்கும் இதில் ஏதாவது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விரிவுரை அறையில் ஆசிரியர் மேசைமேல் ஒரு கணினி, சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு மைக், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பனோப்டோ போன்ற மென்பொருள் கால அட்டவணையோடு இணைக்கப்பட்டிருக்கும். மணி ஆனதும் பதிவு தானாகத் தொடங்கும், விளக்கு சிவப்பாகும். வகுப்பு நேரம் முடிந்ததும் தானாக நிற்கும். அன்று மாலைக்குள் ஆசிரியரின் குரலும் திரையில் ஓடிய ஸ்லைடுகளும் மாணவர் பக்கத்தில் ஏறிவிடும். சில அறைகளில் கேமராவும் உண்டு. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. வசதியும் அதில்தான், சிக்கலும் அதில்தான்.

பதிவு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், ஆசிரியர் உரிமை என்று பேச ஆரம்பித்தாலே நாம் மாணவர்களுக்கு எதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். என் வகுப்பில் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள ஒரு மாணவி இருந்தாள். கேட்பது, புரிந்துகொள்வது, எழுதுவது மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய அவளால் முடியாது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்குக் குறிப்பெடுத்துத் தர ஓர் ஆளை அமர்த்த அரசு உதவித்தொகை கிடைத்தது. 2016இல் அந்த உதவியில் பெரும்பகுதியை வெட்டி, பொறுப்பைப் பல்கலைக்கழகங்களின் தலையில் வைத்தார்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஊனமுற்ற மாணவர்களுக்குத் தேவையான மாற்றங்களை அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே யோசித்துச் செய்து வைக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. விரிவுரைப் பதிவு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் நம் ஊர்ப் பிள்ளைகள். முதுகலை படிக்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் முதல் மாதம் வடக்கு இங்கிலாந்தின் பேச்சைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான், ஆனால் இந்த உச்சரிப்புக்குக் காது பழக நாளாகிறது. விசா விதிப்படி வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். இரவில் முதியோர் இல்லத்திலோ கிடங்கிலோ நின்றுவிட்டு, காலை ஒன்பது மணி வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். "சார், ரெக்கார்டிங் இல்லேன்னா நான் பாஸே பண்ணியிருக்க மாட்டேன்" என்று சொன்ன பையனை எனக்குத் தெரியும். இத்தனை பேருக்கு உதவும் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

ஆகவே, பதிவு செய்த பிறகு அது எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது, எத்தனை காலம் இருக்கிறது, நிறுத்தவும் வெட்டவும் யாருக்கு அதிகாரம் என்பதுதான் என் கவலை.

இந்தச் சண்டை கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. 1820களில் ஜான் அபெர்னெத்தி என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மாணவர்களுக்கு உரை நிகழ்த்தினார். 1823இல் தொடங்கிய லான்செட் என்ற மருத்துவ இதழ் அந்த உரைகளை எடுத்து அச்சிட்டது. அபெர்னெத்தி நீதிமன்றம் போனார். 1825இல் நீதிபதி எல்டன் பிரபு தடை விதித்தார். மாணவர் தன் படிப்புக்காக எவ்வளவு வேண்டுமானாலும் குறிப்பெடுக்கலாம், அதை வெளியிட்டுக் காசு பார்க்க உரிமை இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்து கிளாஸ்கோவில் தத்துவம் கற்பித்த எட்வர்ட் கேர்ட். அவருடைய வகுப்புக் குறிப்புகளை ஒரு புத்தகக் கடைக்காரர் புத்தகமாகப் போட்டார். வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போய், 1887இல் பேராசிரியர் பக்கம் தீர்ப்பானது. வகுப்பறையில் மாணவருக்குச் சொல்வது ஊருக்கெல்லாம் வெளியிட்டதாக ஆகாது என்றார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். வகுப்பறை என்பது நம்பிக்கையோடு பேசும் ஓர் இடம் என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று நடப்பில் இருப்பது 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று பதிப்புரிமை. பணியாளர் தன் வேலையின் பகுதியாக எழுதுவதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். ஸ்லைடுகளும் கையேடுகளும் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். விரிவுரைக்கு இது அப்படியே பொருந்துமா என்பதில் வாதம் உண்டு. ஒரு மேலாண்மை ஆலோசகர் நிகழ்த்திய பொது உரைகளின் பதிப்புரிமை அவருக்கே சொந்தம், அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்துக்கு இல்லை என்று 1952இல் வெளியான ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் இப்போதைய பணி ஒப்பந்தங்கள் இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன.

இரண்டாவது, நிகழ்த்துநர் உரிமை. எங்கள் துறையில் பெரும்பாலானோர் கேள்வியே பட்டிராதது இது. ஓர் எழுத்துப் படைப்பை வாசிப்பதும் ஒப்பிப்பதும் அந்தச் சட்டத்தில் நிகழ்ச்சி என்ற கணக்கில் வருகின்றன. விரிவுரையும் அதில் சேரும் என்று ஏற்றுக்கொண்டுதான் இங்குள்ள பல்கலைக்கழகங்கள் விதிமுறை எழுதுகின்றன. நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், பதிவைப் படியெடுக்கவும், மற்றவர்களுக்குக் கிடைக்கச் செய்யவும் நிகழ்த்தியவரின் சம்மதம் வேண்டும். பதிப்புரிமை மாதிரி இது தானாக முதலாளிக்குப் போய்விடாது. மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். 50 ஆண்டுகள் நீடிக்கும். சுருக்கமாகச் சொன்னால், ஸ்லைடு பல்கலைக்கழகத்துடையதாகவே இருக்கட்டும், அதை வைத்துப் பேசிய பேச்சுக்கு நீங்கள் சம்மதம் தந்தாக வேண்டும். எந்த நிபந்தனையில் சம்மதம் என்று பேரம் பேசவும் முடியும்.

இதை நான் தெரிந்துகொண்டது 2018இல். ஓய்வூதியத்தை வெட்டப் போகிறார்கள் என்று அந்த ஆண்டு பிப்ரவரி 22 தொடங்கி மார்ச் வரை 14 நாட்கள், 60க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் யூ.சி.யூ. என்ற எங்கள் ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பதாகையோடு நின்ற நேரத்தில், உள்ளே முந்தைய ஆண்டின் பதிவுகளை எடுத்து மாணவர்களுக்குத் திறந்துவிடும் யோசனை ஓடுகிறது என்று தகவல் வந்தது. மற்ற ஊர்களிலும் இதே பேச்சு. பக்கத்தில் நின்ற மூத்த ஆசிரியர் ஒருவருக்கு முகமே சுருங்கிவிட்டது. தன் வேலையை நிறுத்துவதற்காகத் தெருவில் நிற்கிறார், தன் குரலே உள்ளே போய் அந்த வேலையைச் செய்கிறது. வேலைநிறுத்த உரிமையில் அதற்குமேல் என்ன மிச்சம் இருக்கிறது?

மாணவர்களின் கோபமும் எனக்குப் புரிந்தது. அப்போது ஆண்டுக்கு 9,250 பவுண்டு கட்டினார்கள், வகுப்பு நடக்கவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், அது நியாயம். ஆனால் என் வகுப்பு மாணவர்கள் பலர் வாசலுக்கே தேநீர் கொண்டுவந்து எங்களோடு நின்றார்கள். பழைய பதிவு வேண்டாம், ஆசிரியர்களோடு பேசி முடியுங்கள் என்று அவர்களே நிர்வாகத்துக்கு எழுதினார்கள். பின்னால் விதிமுறைக் குழுவில் மாணவர் சங்கப் பிரதிநிதி எங்கள் பக்கம் நின்றதற்கு அந்த நாட்களில் உண்டான பழக்கம்தான் காரணம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பதிவு விதிமுறையைச் சங்கத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். விரிவுரையாளரின் சம்மதம் இல்லாமல் வேலைநிறுத்த நாட்களில் பதிவைப் பயன்படுத்த மாட்டோம் என்று அதில் எழுத்திலேயே இருக்கிறது. நாங்களும் அதை அச்செடுத்து மேசைமேல் வைத்தோம். ஓர் இடத்தில் ஒத்துக்கொள்ள முடிந்ததை இங்கே ஏன் முடியாது என்ற கேள்விக்கு நிர்வாகத்தால் எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் எந்த நிறுவனத்தோடு பேசினாலும் முதலில் இன்னொரு நிறுவனத்தின் நல்ல விதியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். சட்டப் புத்தகத்தைவிட அதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது.

நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்காவது பேரம் பேசக் கொஞ்சம் இடம் உண்டு. மணிக்கணக்கில் ஊதியம் வாங்குகிறவர்கள்தான் உண்மையில் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு நெருக்கமான ஒரு தோழி வேறொரு பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பாடம் முழுவதையும் நடத்தினாள். கொரோனா காலம் அது. வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, குழந்தை தூங்கிய பிறகு இரவில் பேசிப் பதிவு செய்தாள். தயாரிப்பு நேரத்துக்குக் கொடுத்த காசு பாதி உழைப்புக்குக்கூட ஆகாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு மாணவனிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: நான்காம் வாரப் பாடத்தில் நீங்கள் சொன்னதில் ஒரு சந்தேகம். அவள் அங்கே வேலையிலேயே இல்லை. பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் என்னைக் கூப்பிட்டபோது அழுதுகொண்டிருந்தாள். காசு போனதுகூட இரண்டாம் பட்சம், தான் இல்லாமலே தன்னை வைத்து வகுப்பு நடக்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை. நாங்கள் ஒன்றே ஒன்றைத்தான் எழுதிக் கேட்டோம்: நிகழ்த்துநர் உரிமையை அவள் உங்களுக்கு மாற்றிக் கொடுத்த கையெழுத்திட்ட ஆவணத்தைக் காட்டுங்கள். அப்படி ஒன்று இல்லை. மென்பொருளில் முதல்முறை நுழைந்தபோது ஒரு கட்டத்தை டிக் செய்ததைத் தவிர அவர்களிடம் காட்ட எதுவும் இல்லை. பதிவுகளை எடுத்துவிட்டார்கள். பணம் எதுவும் தரவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

2021 ஜனவரியில் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். இணையவழியில் கனடிய ஓவிய வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், பாடம் நன்றாக இருக்கிறதே என்று பேராசிரியருக்கு எழுத முகவரி தேடியிருக்கிறார். கிடைத்தது இரங்கல் செய்தி. ஃபிரான்சுவா-மார்க் காக்னோன் 2019லேயே இறந்துவிட்டிருந்தார். முன்பே பதிவான பாடத்தை வைத்துக்கொண்டு வேறு ஆட்கள் வகுப்பை நடத்திவந்தார்கள். அங்கே சட்டப்படி தவறு நடந்ததா என்பது வேறு கேள்வி. மாணவருக்கு அதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. தனக்குப் பாடம் சொல்பவர் உயிரோடு இருக்கிறாரா, கேள்வி கேட்டால் பதில் வருமா என்று தெரிந்துகொள்வது மாணவரின் உரிமை.

மாணவர் உரிமை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செமினார் அறை. விரிவுரையில் ஆசிரியர் பேசுவார். செமினாரில் மாணவர்கள் பேசுவார்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. இடப்பெயர்வு குறித்த என் வகுப்பில் சொந்தக் கதைகள் வராமல் இருக்காது. ஒரு வருடம் வன்னியிலிருந்து சிறு வயதில் வெளியேறிய ஒரு மாணவர் இருந்தார். தனியாகப் பேசினால் அவ்வளவு தெளிவாகப் பேசுவார், வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஒருநாள் தாழ்வாரத்தில் கேட்டேன். "சேர், அந்தச் சிவப்பு லைட் எரியேக்க நான் கதைக்கேலாது. ஊரில அம்மா ஆக்கள் இருக்கினம்" என்றார். ஒரு பல்கலைக்கழக சர்வரில் இருக்கும் பதிவு யார் கைக்குப் போகும் என்று அவருக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்த ஒரு நாட்டிலிருந்து வந்தவரிடம், கவலைப்படாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அடுத்த வாரத்திலிருந்து செமினாரில் பதிவை முழுக்க நிறுத்திவிட்டேன். அவர் பேசினார். மற்றவர்களும் முன்பைவிடக் கூடுதலாகப் பேசினார்கள். 2020 ஜூன் மாதக் கடைசியில் ஹாங்காங் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதன் 38ஆம் பிரிவு ஹாங்காங்குக்கு வெளியே பேசுவதையும் குற்றமாக்கக்கூடும் என்பதால், சீன அரசியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இதே முடிவுக்கு வந்தார்கள். கட்டுரைகளைக்கூடப் பெயர் இல்லாமல் தரச் சொன்ன இடங்கள் உண்டு. கணிதத்திலோ வேதியியலிலோ இந்தக் கேள்வி எழாமல் போகலாம். எங்கள் போன்ற பாடங்களில் பதிவு நிறுத்தப்பட்ட ஓர் அறை கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சம்பவம், வேறு வகை. ஒரு துறையில் விரிவுரை முடிந்ததும் ஒரு மாணவி மேசைக்கு வந்து, தேர்வுக்கு அவகாசம் கேட்டு, தன் உடல்நிலையை ஆசிரியரிடம் விளக்கியிருக்கிறாள். வகுப்பு கொஞ்சம் முன்னதாகவே முடிந்துவிட்டது. ஆனால் பதிவு கால அட்டவணைப்படி ஓடிக்கொண்டிருந்தது. மைக் ஆசிரியரின் சட்டையில் இருந்தது. அன்று மாலை அந்த உரையாடல் முழுவதும் வகுப்பில் உள்ள அனைவருக்கும் கிடைத்தது. ஒரு நல்ல பையன் கேட்டுவிட்டு உடனே தகவல் சொன்னதால் இரவுக்குள் எடுக்க முடிந்தது. அந்தப் பெண் மறுபடியும் அந்த வகுப்புக்கு வர நெடுநாளானது. இங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குரலும் தனிப்பட்ட தரவுதான், உடல்நிலை பற்றிய தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பே உண்டு. ஆனால் ஒருமுறை வெளியே போனதைச் சட்டத்தால் திரும்ப வாங்கித் தர முடியாது. ஆசிரியர் பார்த்து வெட்டிய பிறகுதான் எதுவும் ஏற வேண்டும், தானாக ஏறக் கூடாது என்று குழுவில் நாங்கள் பிடிவாதமாக நின்றது இதனால்தான்.

குழுவில் கடைசியில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன். ஆசிரியர் காரணம் சொல்லிப் பதிவிலிருந்து விலகலாம். அப்படி விலகினால் ஊனமுற்ற மாணவர்களுக்கு வேறு வழியில் அதே பாடம் கிடைக்கச் செய்ய வேண்டும், அது துறையின் பொறுப்பு. பதிவு ஏறுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் உண்டு. அடுத்த கல்வியாண்டின் முடிவில் பதிவு அழிக்கப்படும், வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆசிரியரிடம் மறுபடி கேட்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பதிவை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. வேலைநிறுத்தத்துக்கும் அப்படியே. பதிவைப் பார்த்து ஆசிரியரின் திறமையை மதிப்பிடவோ ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவோ கூடாது. இந்தக் கடைசிப் புள்ளிக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. கடுமையான புகார் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. மாணவர் புகார் கொடுத்தால் அந்த ஒரு வகுப்பின் பதிவை மட்டும், ஆசிரியருக்குத் தெரிவித்துவிட்டுப் பார்க்கலாம் என்று முடிந்தது. எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் இது பரவாயில்லை.

மாணவர் தன் செல்போனில் பதிவு செய்வதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தன் படிப்புக்காக ஒருவர் பதிவு செய்வதை மறுக்கும் ஆசிரியர் மிகக் குறைவு, ஊனமுற்ற மாணவருக்குப் பல்கலைக்கழகமே எழுத்தில் அனுமதி கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, குறிப்பு விற்கும் தளத்தில் ஏற்றுவது, அரை நிமிடம் வெட்டி எக்ஸ் தளத்தில் போடுவது, இதெல்லாம் முற்றிலும் வேறு. ஒரு கருத்தை விளக்க, எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு ஆசிரியர் சொல்ல வேண்டியிருக்கும். அதில் அரை நிமிடத்தை வெட்டினால் அவர் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார். ஆசிரியர்கள் அதற்குப் பயந்து பாடத்தை மழுப்ப ஆரம்பித்தால் இழப்பு மாணவருக்குத்தான்.

உச்சரிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 23க்குப் பிறகு பொது நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடும் பதிவுசெய்த வீடியோக்களுக்கு எழுத்துவரி (சப்டைட்டில்) இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. நல்ல விதி. மென்பொருள் தானாக எழுதிவிடும் என்றார்கள். என் ஆங்கிலத்தில் திருச்சி இன்னும் இருக்கிறது. நான் சொல்லும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அது சிதைத்துவிடுகிறது. முள்ளிவாய்க்கால் என்று நான் சொன்னது என்னவெல்லாமோ ஆகி வந்தது. காது கேளாத மாணவருக்கு அந்த வரிதான் பாடம், அது தப்பாக இருந்தால் பாடமே தப்பு. திருத்த ஒவ்வொரு வாரமும் கணிசமான நேரம் ஆகிறது. வெள்ளைக்கார சகாவுக்கு அந்த வேலை பாதிகூட இல்லை. இந்த நேரத்தை எங்கள் வேலைப் பளுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டோம், கொஞ்சம் சேர்த்தார்கள். வெளிநாட்டு உச்சரிப்பு உள்ள ஆசிரியர்கள் இதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் இப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

இனி ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் பிரிட்டிஷ் சட்டத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், நடனக் கலைஞர், பாம்பாட்டி என்று வரிசையாகச் சொல்லி, விரிவுரை நிகழ்த்துபவரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இங்கே நாங்கள் வாதாடி நிறுவ வேண்டியது அங்கே சட்டத்தின் வாசகத்திலேயே கிடக்கிறது. உரிமை 50 ஆண்டுகள். மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். தன் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, நேர்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்காகவோ ஒருவர் பதிவு செய்வது இந்த உரிமையை மீறியதாகாது என்று 39ஆம் பிரிவு மாணவருக்கும் இடம் வைத்திருக்கிறது. 2012 திருத்தத்தில், நிகழ்த்தியவர் தன் பெயர் போடப்பட வேண்டும் என்றும், பதிவைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுக்கக் கூடாது என்றும் கேட்கும் உரிமையும் வந்தது. ஊனமுற்ற மாணவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் கூகுள் மீட்டில் பாடம் நடத்தி, பதிவைக் கல்லூரியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றக் கொடுத்தார்கள்! அவர்களில் பலர் இப்போது அந்தக் கல்லூரியில் இல்லை. வீடியோ இருக்கிறது. உங்கள் பேரில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் உங்கள் பணி ஆணையை எடுத்துப் பாருங்கள். நிகழ்த்துநர் உரிமை பற்றி எதிலும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால், கல்லூரி முதல்வருக்குப் பணிவாக ஒரு கடிதம் போதும்: வீடியோ இருக்கட்டும், என் பெயர் தெரியட்டும், விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் என்னிடம் கேளுங்கள். எடுக்கச் சொல்லவும் கேட்கலாம், அது உங்கள் விருப்பம். இப்போது வேலையில் இருப்பவர்கள் தனியாக எழுதாமல், துறையில் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதுவது நல்லது. தனியாளை அதட்டுவது சுலபம்.

எங்கள் இடத்தில் இப்போது அடுத்த பேச்சு தொடங்கியிருக்கிறது. பதிவு மென்பொருளில் செயற்கை நுண்ணறிவு வந்து, விரிவுரையைச் சுருக்கி, கேள்வி பதில் தயாரித்து மாணவருக்குத் தருகிறது. மாணவர்களும் பதிவைத் தங்களுக்குப் பிடித்த செயலியில் ஏற்றிச் சுருக்கம் வாங்குகிறார்கள். இரவு வேலை பார்த்துவிட்டு வரும் பையனுக்கு அந்தச் சுருக்கம் எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. வரும் கூட்டத்துக்கு நாங்கள் எழுதி வைத்திருப்பது மூன்று கோரிக்கைகள்: விரிவுரைக் குரலைக் கொண்டு மென்பொருள் நிறுவனம் எதையும் பயிற்றுவிக்கக் கூடாது என்று அந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், ஆசிரியரின் குரலையோ முகத்தையோ செயற்கையாக உருவாக்கப் பதிவைப் பயன்படுத்தக் கூடாது, தானியங்கிச் சுருக்கத்தின் தலைப்பில் இது ஆசிரியர் எழுதியதல்ல என்று தெளிவாக இருக்க வேண்டும். மாணவர் சங்கம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்ட மாணவரின் குரலுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும் என்பது அது. அதையே பட்டியலில் முதலாவதாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.